பலகை ஒன்று, தீர்ப்பு இரண்டு

ஒரு பொருளை அறிதல் வேறு. அதனை மதிப்பிடுதல் வேறு. அறிதலில் பிழை நேர்ந்தால் அது அறியாமையோடு நிற்கும். மதிப்பீட்டில் பிழை நேர்ந்தாலோ, அதன்வழிப் பிறக்கும் செயலும் பிழைபடும். பிறரைப் பற்றி நாம் கூறும் தீர்ப்பும் பிழைபடும். ஆகவே மதிப்பிடுதல் பெரும்பொறுப்பு ஆகும்.

இப்பொறுப்பை எண்ணிப் பார்ப்பதற்குச் சதுரங்கம் நல்லதொரு களம். அங்கே மறைவு ஒன்றும் இல்லை. காய்கள் அனைத்தும் இருவர் கண்முன்னும் நிற்கின்றன. விதிகளும் இருவர்க்கும் பொது. ஆயினும் நடு ஆட்டத்தில், காய்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் சிக்கலான நிலையில், "இங்கே யாருக்கு மேன்மை?" என்று வினவினால், கணிப்பொறி ஒரு விடை தருகிறது, தேர்ந்த ஆட்டக்காரர் வேறொரு விடை தருகிறார். பலகை ஒன்றாயிருக்கத் தீர்ப்பு இரண்டாவது ஏன்? மனிதன் தன் தீர்ப்பை விடுத்துப் பொறியின் தீர்ப்பை ஏற்பதுதான் அறிவுடைமையா? இவற்றை இங்கே ஆராய விழைகிறோம்.

பொறி காணும் முறை

சதுரங்கம் ஆடும் பொறிக்குத் தெளிவான இலக்கணம் வகுத்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க அறிஞர் கிளாட் ஷானன். 1950-இல் வெளிவந்த அவருடைய கட்டுரை, ஆட்டத்தை இறுதிவரை கணக்கிட்டு முடித்தல் இயலாது என்பதை முதலிலேயே காட்டிவிட்டது. ஒவ்வொரு நிலையிலும் ஏறத்தாழ 30 நகர்வுகளும், ஓர் ஆட்டத்தில் ஏறத்தாழ 40 நகர்வுகளும் உண்டெனக் கொண்டால், இயலக்கூடிய ஆட்டங்களின் தொகை 1-க்குப் பின் 120 சுழியங்கள் இட்டு எழுதும் எண்ணாகும். ஆதலால் பொறி சில நகர்வுகள் வரை ஆராய்ந்து, அங்கே நின்று, எதிர்ப்படும் நிலைக்கு ஓர் எண்ணை மதிப்பாக இட வேண்டியதாகிறது. அரசிக்கு 9, யானைக்கு 5, மந்திரிக்கும் குதிரைக்கும் 3, சிப்பாய்க்கு 1 என்பது அடிப்படைக் கணக்கு. துணையின்றித் தனித்து நிற்கும் சிப்பாய் ஒரு குறை; காய்கள் தடையின்றி நகர இடமிருத்தல் ஒரு நிறை. இவ்வாறு கூட்டியும் கழித்தும் வருவதே பொறியின் தீர்ப்பு.

ஷானன் ஓர் எச்சரிக்கையும் விடுத்தார். வெட்டும் எதிர்வெட்டும் நிகழ்ந்துகொண்டிருக்கும் கொந்தளிப்பில் எண்ணை இடலாகாது. நிலை அடங்கிய பின்னரே இட வேண்டும் என்றார். சினம் தணியுமுன் தீர்ப்புக் கூறலாகாது என்று நாம் சிறுவர்க்குச் சொல்வதும் இதுவே அன்றோ!

மற்றொரு குறையை ஹான்ஸ் பெர்லினர் என்பார் 1973-இல் எடுத்துரைத்தார். தவிர்க்க இயலாத பேரிழப்பு ஒன்று வரவிருக்கையில், பொறி இடையில் சில வீண் இழப்புகளை ஏற்று, அப்பேரிழப்பைத் தன் ஆராய்ச்சி எல்லைக்கு அப்பால் தள்ளிவிடும். எல்லைக்குள் அது தென்படாமையால் நிலை சீராகிவிட்டதாக எண் காட்டும். உண்மையிலோ இழப்பு மிகுந்திருக்கும். இதனைத் 'தொடுவான விளைவு' என்பர். பழங்கடனை அடைக்கப் புதுக்கடன் வாங்கி, கடன் தீர்ந்ததென மகிழ்பவனின் நிலையே இது.

மனிதர் காணும் முறை

வல்லுநர்கள் எவ்வாறு காண்கின்றனர்? பொறியைப் போலவே அவர்களும் மிகுதியாகக் கணக்கிடுகின்றனர் என்று பலர் கருதுவர். நெதர்லாந்து நாட்டு உளவியல் அறிஞர் ஆட்ரியான் டி குரூட் 1946-இல் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை மறுத்தது. நிலை ஒன்றைக் காட்டி, எண்ணுவதை வாய்விட்டுச் சொல்லுமாறு அவர் ஆட்டக்காரர்களைக் கேட்டார். பெருவல்லுநர்கள் மற்றத் தேர்ந்த ஆட்டக்காரர்களைவிட வெகுதொலைவு கணக்கிடவில்லை. ஆனால் கணக்கிடத் தக்க நகர்வு எது என்பதைத் தொடக்கத்திலேயே கண்டுகொண்டனர்.

1973-இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் ஆகிய இருவரும் இதனை மேலும் ஆராய்ந்தனர். உண்மையான ஆட்டத்தின் நிலை ஒன்றை 5 விநாடிகள் காட்டி மறைத்தால், வல்லுநர் ஏறத்தாழ 16 காய்களை உரிய இடங்களில் திரும்ப வைத்தார். புதியவர் ஏறத்தாழ 4 காய்களையே வைத்தார். காய்களை முறையின்றி இறைத்து வைத்துக் காட்டியபோதோ வல்லுநரின் மேன்மை ஏறக்குறைய மறைந்தது. ஆகவே அவருடைய ஆற்றல் வெறும் நினைவாற்றல் அன்று. பொருளுடைய அமைப்பைப் பொருளோடு காணும் ஆற்றல். சொற்களை அறிந்தவன் எழுத்துக்கூட்டிப் படிப்பதில்லை, அதுபோலவே இதுவும்.

மனிதரின் மதிப்பீட்டில் வேறொன்றும் கலந்துள்ளது. "இந்நிலை நல்லதா?" என்று மட்டும் அவர் கேட்பதில்லை. "எனக்கு எஞ்சியுள்ள நேரத்தில் இதனை நான் ஆட இயலுமா? எதிரில் இருப்பவருக்கு இது எத்துணைக் கடினம்?" என்றும் கேட்கிறார். இவ்வேறுபாட்டை விளக்க ஓர் ஆட்டத்தைக் காண்போம்.

மாஸ்கோ, 1960

1960-ஆம் ஆண்டு மாஸ்கோவில் உலகப் பட்டத்திற்கான போட்டி நடைபெற்றது. அன்றைய உலக வாகையர் மிகாயில் பொட்வின்னிக். அவரை எதிர்த்தவர் 23 வயதினரான மிகாயில் தால். ஆறாவது ஆட்டத்தில் கறுப்புக் காய்களை ஆடிய தால், 21-ஆவது நகர்வில் தம் குதிரையை வெள்ளைச் சிப்பாய் வெட்டத்தக்க கட்டத்தில் வைத்தார். அரங்கில் ஆரவாரம் எழுந்தது. ஆட்டத்தை உள்ளறைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. ஈடாகக் கைக்கு உடனே வந்தது ஒன்றுமில்லை. காய்க்கணக்கின்படி இது வெறும் இழப்பு. ஆயினும் அந்நகர்வால் கறுப்புக் காய்களுக்கு வழிகள் திறந்தன. வெள்ளை அரசனைச் சூழ்ந்து வினாக்கள் பெருகின. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கையில் அவை அனைத்திற்கும் விடை காண வேண்டிய பொறுப்பு பொட்வின்னிக்கிற்கு வந்தது. அவர் தவறினார், தால் வென்றார்.

ஆட்டம் முடிந்த பின்னர் ஆய்வாளர்கள் அமைதியாக அமர்ந்து நோக்கி, வெள்ளைக்குத் தக்க விடை இருந்ததைக் காட்டினர். அவ்வாறாயின் தாலின் நகர்வு சரியா, தவறா? பிழையற்ற விடைகளையே ஆடும் ஒருவரை எதிரில் வைத்தால் அது ஐயத்திற்குரியது. மாஸ்கோவில் அன்று அமர்ந்திருந்த மனிதரை எதிரில் வைத்தால் அது வலிமையானது. முன்னது நிலையைப் பற்றிய தீர்ப்பு. பின்னது செயலைப் பற்றிய தீர்ப்பு. இரண்டும் மெய்யே; ஒன்று மற்றொன்றை அழிப்பதில்லை.

எதிரியைத் திகைக்கச் செய்தல் வஞ்சகம் ஆகாதோ எனின், ஆகாது. பலகையில் எதுவும் மறைக்கப்படவில்லை. பொய் ஒன்றும் உரைக்கப்படவில்லை. தாம் கண்ட இடர் முழுவதையும் தால் தாமும் ஏற்றே அந்நகர்வைச் செய்தார். மின்பொறியியல் அறிஞரான பொட்வின்னிக்கோ, பிற்காலத்தில் மனிதர்போல் தேர்ந்தெடுத்துச் சிந்திக்கும் சதுரங்க நிரல் ஒன்றை ஆக்கப் பல்லாண்டு முயன்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

நியூயார்க், 1997

37 ஆண்டுகளுக்குப் பின்னர் நிகழ்ந்தது இதனினும் நம்மைச் சிந்திக்க வைப்பது. 1997 மே மாதம் நியூயார்க் நகரில் உலக வாகையர் காரி காஸ்பரோவும், ஐ.பி.எம். நிறுவனத்தின் டீப் புளூ என்னும் பொறியும் ஆறு ஆட்டங்கள் ஆடினர். விநாடிக்கு ஏறத்தாழ 20 கோடி நிலைகளை ஆராயவல்லது அப்பொறி. முதல் ஆட்டத்தில் காஸ்பரோவ் வென்றார்.

மே 4-ஆம் நாள் நடந்த இரண்டாம் ஆட்டத்தில், 36-ஆவது நகர்வின்போது, தன் அரசியைச் செலுத்திச் சிப்பாய்களைக் கவரும் வாய்ப்பு பொறிக்குக் கிடைத்தது. காய்க்கணக்கையே பெரிதெனக் கொள்ளும் பொறி அதனையே செய்யும் என்று காஸ்பரோவ் எதிர்பார்த்தார். பொறியோ அதனை விடுத்து, ஒரு சிப்பாயை மாற்றிக்கொண்டு, அடுத்த நகர்வில் தன் மந்திரியை நடுவில் நிறுத்தி, எதிர்த்தாக்குதலுக்குரிய வழியை அடைத்தது. ஆசையை அடக்கிய பெருவல்லுநர் ஒருவரின் ஆட்டம்போல் அது தோன்றியது. மனிதர் எவரேனும் இடையிட்டனரோ என்றும் காஸ்பரோவ் ஐயுற்றார். பொறியின் பதிவேடுகளைக் கேட்டார். அவற்றை நிறுவனம் பின்னர் வெளியிட்டது.

45-ஆவது நகர்வில் காஸ்பரோவ் தோல்வியை ஒப்பி எழுந்தார். அந்நிலையில் இடைவிடாது செக் வைத்து ஆட்டத்தைச் சமனாக்கும் வழி இருந்ததென ஆய்வாளர்கள் உடனே கண்டனர். மறுநாள் தம் குழுவினர் வாயிலாக அதனை அறிந்த காஸ்பரோவ் அதிர்ந்தார். இத்துணை ஆழ்ந்து ஆடிய பொறி, எளிய சமனுக்கு இடம் விட்டிராது என்று நம்பியமையால் அவ்வழியை அவர் தேடவில்லை. பின்வந்த வலிய நிரல்களைக் கொண்டு அந்நிலையை மீண்டும் ஆராய்ந்து, வெள்ளைக்கு இன்னும் வழியுண்டு என வாதிடுவோரும் உளர். அவ்வாதம் எவ்வாறு முடியினும் நம் கருத்துக்கு ஊறில்லை. அவர் தேடிக் காணாது தோற்கவில்லை. தேடாமலே தோற்றார் என்பதே இங்குக் கருதத்தக்கது. எஞ்சிய ஆட்டங்களுள் மூன்று சமனாயின. இறுதி ஆட்டத்தில் அவர் தோற்றார். 3½-க்கு 2½ என்னும் கணக்கில் பொறி வென்றது.

பொறியும் மாறியது

எண்ணிக்கை மிகுதியே பொறியின் வலிமை என்னும் எண்ணமும் நிலைக்கவில்லை. ஆல்பாஜீரோ என்னும் நிரல், விதிகளை மட்டும் கொண்டு, தன்னோடு தானே ஆடிக் கற்றது. 2018-இல் வெளியான அறிக்கையின்படி, அது விநாடிக்கு ஏறத்தாழ 60,000 நிலைகளையே ஆராய்ந்தது. அதன் எதிரியான ஸ்டாக்ஃபிஷ் ஏறத்தாழ 6 கோடி நிலைகளை ஆராய்ந்தது. 1,000 ஆட்டங்களில் ஆல்பாஜீரோ 155-இல் வென்று, 6-இல் தோற்றது; ஏனையவை சமனாயின. குறைவாக ஆராய்ந்தது, ஆனால் ஆராயத் தக்கதைத் தேர்ந்து ஆராய்ந்தது. டி குரூட் மனிதரிடம் கண்ட பண்பின் சாயல் இங்கே பொறியிடம் தோன்றிற்று. 2020-இல் ஸ்டாக்ஃபிஷும், கற்றுத் தேர்ந்த நரம்பு வலையமைப்பு ஒன்றைத் தன் மதிப்பீட்டில் சேர்த்துக்கொண்டது.

எண்ணின் பொருளும் மாறியது. முன்னர் 1 என்றால் ஒரு சிப்பாயின் மேன்மை என்பது பொருள். 2022-இன் இறுதியில் வெளிவந்த ஸ்டாக்ஃபிஷ் நிரலில், தனக்கு நிகரான பொறியோடு ஆடினால் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 50 என்னும் நிலைக்கு 1 என்று அளவு வகுத்தனர். அஃதாவது, உறுதியான தீர்ப்பென நாம் நம்பும் எண், உண்மையில் ஒரு வாய்ப்பின் அளவே. அதுவும் பொறியும் பொறியும் ஆடுமிடத்து உள்ள வாய்ப்பு. களைப்பும் அச்சமும் உடைய மனிதர் ஆடுமிடத்து உள்ளது அன்று.

நாம் கொள்ளத்தக்கவை

நம் இல்லங்களிலும் பிள்ளைகள் சதுரங்கம் பயில்கின்றனர். போட்டி முடிந்ததும் ஆட்டத்தை நிரலிடம் காட்டுகின்றனர். ஒரு நகர்வின் அருகே 'பெரும்பிழை' என்னும் குறி தோன்றுகிறது. அதனைக் கண்ட பெற்றோர், "இதுகூடத் தெரியவில்லையா?" என்று கடிகின்றனர். கடிபவர்க்கும் சற்று முன்வரை அது தெரியாது! பொறி இன்றேல் இருவர்க்கும் தெரிந்திராது. பின்னர் வந்த அறிவைக் கொண்டு முன்னர்ச் செய்த செயலைத் தண்டித்தல் நடுவுநிலை ஆகாது. "அப்போது நீ என்ன கண்டாய்? எதனை அஞ்சினாய்? தேடினாயா?" என்று வினவுவதே தகும். தேடியும் காணாமை குற்றமன்று. அது பயிற்சியால் தீரும். தேடாமையே திருத்தத்தக்க குறை.

சதுரங்கத்திற்கு அப்பாலும் இதுவே முறை. தந்தையார் அந்நாளில் விற்ற நிலத்தையும், அண்ணன் தொடங்கி நட்டமுற்ற வணிகத்தையும், இன்று விளைவு தெரிந்த பின்னர்ப் பழிப்பது எளிது. அவர்கள் இருந்த இடத்தில், அவர்களுக்குத் தெரிந்திருந்தவற்றை மட்டும் கைக்கொண்டு நின்று பார்த்தல் அரிது. அரிதாயினும் அதுவே அறம்.

இங்கே ஒரு தடை எழலாம். "பொறி மனிதரினும் பன்மடங்கு வலியது. அதன் சொல்லைக் கேளாது தன் கண்ணையே நம்புதல் செருக்கு அன்றோ?" என்பர். பொறியின் சொல்லைக் கேளாமை செருக்குத்தான், ஐயமில்லை. ஆனால் தான் காண்பதற்கு முன்னரே கேட்டு, கேட்டதோடு நின்றுவிடுதல் பணிவு ஆகாது. அது சோம்பலுக்கு இட்ட நற்பெயர். எண் விடையைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. காரணம் அறியாது பெற்ற விடை இரவல் பொருள். அடுத்த நிலையில் அது உதவாது. பொறி பிழைக்கும் அரிய வேளையில், பிழையென்று உணரும் ஆற்றலும் அவ்வாறு பெற்றவனிடம் இராது. உலகின் முதல் ஆட்டக்காரர்க்கே நியூயார்க்கில் நேர்ந்தது இது என்றால், நம்மனோர்க்கு நேர்வதற்குத் தடை என்ன?

ஆகவே வரிசை முறை ஒன்றைக் கைக்கொள்ளல் நலம். முதலில் நாமே காணுதல். கண்டதைக் காரணத்தோடு கூறுதல். அதன் பின்னர் வல்லாரிடமோ பொறியிடமோ ஒப்பிட்டுப் பார்த்தல். வேறுபட்டால் ஏன் வேறுபட்டது என்று ஆராய்தல். நாம் கண்டது தவறெனத் தெளிந்தால் தயக்கமின்றி விடுதல். இவ்வரிசையில் பணிவும் உண்டு, முயற்சியும் உண்டு. வரிசை தலைகீழானால் இரண்டும் இல்லை.

மருத்துவம், கல்வி, கடன், வழக்கு எனப் பல துறைகளிலும் பொறிகள் மனிதரை எண்களால் மதிப்பிடத் தொடங்கிவிட்ட காலம் இது. அவ்வெண்களை வெறுக்க வேண்டுவதில்லை, வணங்கவும் வேண்டுவதில்லை. நிலையின் மதிப்பை எண் கூறட்டும். ஒருவர் செயலின் தகுதியை அளக்கும் பொறுப்பு மட்டும் நம்முடையதாகவே இருக்கட்டும். அதனை எந்தப் பொறியிடமும் நாம் ஒப்படைத்தல் ஆகாது.