நோயாளியைச் சுமந்த நால்வர்



நம் காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளோடு சாலை ஏறுகிறது. இந்தச் சாலை இல்லாத காலத்தில், மலையில் ஒருவர் நோயில் விழுந்தால் மனிதர் தோளில் சுமந்துதான் கீழே இறக்கவேண்டும். படுத்திருப்பவருக்கு வழி தெரியாது. சுமக்கிறவர்களுக்குத் தெரிந்தால் போதும்.

அர்ச். மாற்கு எழுதிய சுவிசேஷத்திலும் நால்வர் ஒரு திமிர்வாதக்காரனைச் சுமந்து வருகிறார்கள். கூட்டத்தால் வாசலில் நுழைய முடியாமல், கூரையைப் பிரித்து அவனை இறக்குகிறார்கள். அப்போது ஆண்டவர் யாருடைய விசுவாசத்தைப் பார்த்தார்? சுமந்து வந்தவர்களுடைய விசுவாசத்தையும் பார்த்தார் என்று சுவிசேஷம் சாட்சி சொல்லுகிறது. மூளையில் புற்றுநோய் கண்டவர் இருக்கும் வீட்டாருக்கு இதைவிட ஆறுதலான வாசகம் வேறில்லை.

ஏனெனில், இந்த நோய் மற்ற நோய்களைப் போன்றதன்று. விடியற்காலையில் கடுந்தலைவலி, வாந்தி, முன்பு இல்லாத வலிப்பு, ஒரு பக்கத்துக் கைகால் சோர்தல், பேச்சுக் குழறுதல் என்று அது தொடங்கலாம். எல்லாத் தலைவலியும் கட்டியல்ல, பயப்படவேண்டாம். ஆனால் இவை விடாமல் தொடர்ந்தால் தாமதிக்கவும் வேண்டாம். சிலருக்குக் குணமே மாறிப்போகும். சாந்தமான தகப்பனார் சீறி விழுவார். செபமாலை சொல்லிக்கொண்டே இருந்த தாயார் அருள்நிறை மந்திரத்தைப் பாதியில் மறந்து விழிப்பார். உடனே அக்கம்பக்கத்தார், “பேய் பிடித்தது, யாரோ செய்வினை வைத்தார்கள், முன்னோர் பாவம்” என்பார்கள். வீட்டாரும் வெட்கப்பட்டு நோயாளியை உள்ளே ஒளித்து வைப்பார்கள். அந்த மாதங்களில் கட்டி வளரும்.

கிறிஸ்தவர்களே, பிறவிக் குருடனைக் கண்டு, இவன் பாவமோ பெற்றோர் பாவமோ என்று சீடர்கள் கேட்டபோது, இருவர் பாவமும் அல்ல என்றார் நம் ஆண்டவர். அவரே சொன்னபின் நாம் யார் தீர்ப்பிட? சீறுகிற வார்த்தை நோயின் வார்த்தை. அதை அவர் கணக்கில் எழுதாதீர்கள். அவர் மறந்த செபத்தை அவர் கட்டிலருகே நீங்கள் சொல்லுங்கள். அவர் சர்வேசுரனை மறந்தாலும் சர்வேசுரன் அவரை மறப்பதில்லை.

செபிப்பவர்கள் மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவோ? ஒருக்காலும் இல்லை. வைத்தியனைக் கனம்பண்ணு, அவனையும் மருந்தையும் உண்டாக்கினவர் ஆண்டவரே என்று சீராக் ஆகமம் 38-ம் அதிகாரம் போதிக்கிறது. இந்த மலையில் ஊழியம் செய்த ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேய மிஷனரி நம் சபையார் அல்லர்; ஆயினும் வேதத்தோடு மருந்தையும் கொண்டு சென்ற அவர், 1929-ல் இங்கேயே காய்ச்சலில் மரித்தார். அவர் மகன் பால் பிராண்ட் வேலூரில் பேர்பெற்ற அறுவை மருத்துவரானார். அதே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்தான் 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி நாட்டின் முதல் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கினார். இன்று சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்கு அருகிலேயே இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் அதை எடுத்துச் சென்று விசாரியுங்கள். “கரண்ட் வைப்பது” என்று நாம் சொல்லும் கதிர்வீச்சு சிகிச்சை பல வாரம் நடக்கும். நேர்ச்சைக்காகவோ கோவில் திருநாளுக்காகவோ அதை நடுவில் விடாதீர்கள். வலிப்பு மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். வேளாங்கண்ணி மாதா உங்களுக்காகக் காத்திருப்பாள், கட்டி காத்திராது.

பங்குச் சுவாமியாரையும் காலத்தோடே அழையுங்கள். முன்னே “அவஸ்தைப்பூசுதல்” என்று பயந்து, மூச்சு இழுக்கும்போதுதான் ஆள் அனுப்பினோம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ல் இதை நோயில்பூசுதல் என்பதே பொருத்தமென்று சொல்லி, மரணத் தறுவாயில் இருப்பவர்களுக்கு மாத்திரம் உரியதன்று என்று தெளிவாக்கியது. பெரிய நோய்க்கான அறுவைக்கு முன்பே அதைப் பெறலாம். நினைவு தெளிவாயிருக்கும்போதே பாவசங்கீர்த்தனம் செய்து, திவ்விய நற்கருணை வாங்குவது எத்தனை பாக்கியம்!

உண்மையையும் மறைக்கலாகாது. சில கட்டிகளை அகற்றியபின் பல ஆண்டு வாழ்கிறவர்கள் உண்டு. சிலவகை எத்தனை செய்தாலும் திரும்ப வரும். அப்படி வந்தால், நம் செபம் வீணாயிற்றோ? ஜெத்செமனித் தோட்டத்தில் சேசுநாதரும் பாத்திரம் நீங்கவேண்டும் என்று கேட்டார். பிறகு பிதாவின் சித்தத்துக்குத் தம்மைக் கையளித்தார். அழுது கேட்பது பாவமல்ல. கேட்டது கிடைக்காதபோதும் அவர் கையை விடாதிருப்பதே விசுவாசம்.

ஆகவே இந்த வாரம், இப்படிப்பட்ட வீடு உங்கள் தெருவில் இருந்தால் கதவைத் தட்டுங்கள். ஒருவர் மருத்துவமனைக்குத் துணை போகட்டும். ஒருவர் கஞ்சி கொண்டுபோகட்டும். ஒருவர் இரவில் கண்விழிக்கட்டும். ஒருவர் செபமாலை சொல்லட்டும். நால்வர் சேர்ந்தால் கட்டிலைத் தூக்கலாம்.

நோயாளிகளின் ஆரோக்கியமான தேவமாதா நமக்காகத் தம் திருக்குமாரனை மன்றாடுவாளாக. ஆமென்.