பதினாறும் இருபதும்

வேதியியல் வகுப்பில் சார்லஸ் கெம்பாலின் 1951 ஆய்வை நடத்தும்போதெல்லாம் எனக்குக் கூடு விட்டுக் கூடு பாய்வதுதான் நினைவுக்கு வரும். நிக்கல் படலத்தின் மேல் மீத்தேனும், கன ஹைட்ரஜனான டியூட்டீரியமும். மீத்தேனின் நிறை 16; நான்கு ஹைட்ரஜனுக்கும் பதில் டியூட்டீரியம் வந்தால் 20. ஒவ்வொன்றாக மாறி முதலில் 17 மட்டும் தெரியும் என்றுதானே நினைப்போம்? தொடக்கத்திலேயே 20-உம் தெரிகிறது. ஒருமுறை உலோகத்தில் ஒட்டி எழுவதற்குள் நான்கையும் கழற்றி மாட்டிக்கொண்டு வந்துவிடுகின்றன சில மூலக்கூறுகள். (17, ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டு கிளம்பிய அவசரக்காரன்.)

உள்ளே போனதும் வெளியே வந்ததும் ஒன்றா? கார்பன் அதேதானே சார், என்பார்கள் பிள்ளைகள். அதில் ஆன்மாவை வைக்க எனக்கு மனம் வருவதில்லை. நிக்கல் மேல் கிடந்த நேரத்தில் அது மீத்தேனே இல்லை, ஹைட்ரஜன் இழந்த வெறும் துண்டு. அப்போது அது யார்?