சிக்கனமும் உயிர் எனும் அமானிதமும்

எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் வாகனம் வைத்திருப்போர் சிக்கனத்தைப் பற்றி எண்ணுவது இயல்பு. அது நல்ல எண்ணமே. வீண்விரயம் கூடாது என்பது நாம் சிறுவயது முதலே கேட்டு வளர்ந்த பாடம். பெட்ரோலும் டீசலும் அதற்கு விலக்கல்ல. ஆனால் சிக்கனம் என்ற பெயரில் செய்யப்படுவதெல்லாம் சிக்கனம்தானா?

மலைப் பாதையில் இறங்கும்போது கியரை நியூட்ரலில் தள்ளிவிடுவோர் உண்டு. எஞ்சினையே அணைத்துவிடுவோரும் உண்டு. வண்டி தானாக உருளும், எண்ணெய் மிச்சம் என்பது அவர்களது கணக்கு. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையை எடுத்துக்கொள்வோம். 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட செங்குத்தான பாதை அது. முதல் அல்லது இரண்டாவது கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியின் வேகத்தைப் பிடித்து வைக்கும். நியூட்ரலில் இறங்கினாலோ பாரம் முழுவதும் பிரேக்கின் மீதே விழும். மிதிக்க மிதிக்க அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். எஞ்சினை அணைத்துவிட்டால் காரில் பிரேக்குக்குத் துணையான விசை சில மிதிகளில் தீர்ந்துவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும். லாரியிலும் பஸ்ஸிலும் பிரேக்குக்கு வேண்டிய காற்றை நிரப்பித் தருவதே எஞ்சின்தான்.

இத்தனை ஆபத்துக்கும் கிடைக்கும் லாபம்தான் என்ன? பழைய கார்புரேட்டர் வண்டிகளில் ஏதோ சிறிது மிஞ்சியிருக்கலாம். கணினி வழியே எரிபொருள் ஊட்டும் இன்றைய எஞ்சின்களிலோ, கியரில் வைத்தபடி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால் எரிபொருள் செல்வது பெரும்பாலும் நின்றேவிடுகிறது. நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாதிருக்க எண்ணெய் செலவாகிறது!

பெரிய லாரியின் பின்னால் ஒட்டிக்கொண்டே செல்வது மற்றொரு முறை. காற்றின் தடை குறைவதால் இதில் மிச்சம் உண்டு என்பது உண்மை. ஆனால் முன்னால் செல்பவர் திடீரென பிரேக் போட்டால் பின்னால் வருபவருக்கு நிறுத்த இடமேது?

இங்குதான் நாம் நிதானிக்க வேண்டும். நன்மையைத் தேடுவதைவிடத் தீங்கைத் தடுப்பதே முற்படும் என்பது ஃபிக்ஹு அறிஞர்கள் வகுத்த விதி. மிச்சமாவது நமது காசு. பணயம் வைக்கப்படுவதோ நமது உயிர் மட்டுமன்று. பின் இருக்கையில் உறங்கும் பிள்ளைகளின் உயிர், எதிரே வரும் முன்பின் அறியாதவரின் உயிர். அவை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். பிறர் பொருளைப் பணயம் வைத்து நாம் லாபம் தேடலாகாது எனும்போது, பிறர் உயிரை வைத்துத் தேடலாமா?

வாகன உரிமையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் வந்தாக வேண்டும், குறைந்தால் சம்பளத்தில் பிடிப்போம்’ என்று ஓட்டுநரை நெருக்கிவிட்டு, விபத்து நேர்ந்தபின் ‘நானா நியூட்ரலில் ஓட்டச் சொன்னேன்?’ என்று கேட்பது நியாயமாகாது. வேறு வழியில்லாமல் ஒருவரைத் தவறின் பக்கம் தள்ளியவருக்கும் அதில் பங்கு உண்டு.

அப்படியானால் சிக்கனத்துக்கு வழியே இல்லையா? ஏராளமாக உண்டு. டயரில் காற்றைச் சரியாக வைத்திருப்பது, வேண்டாத பாரத்தை இறக்கிவிடுவது, ஆக்ஸிலேட்டரை மெல்ல மிதிப்பது, தூரத்திலேயே சிக்னலைக் கண்டு வேகத்தைத் தணிப்பது, நெடுஞ்சாலையில் மிதமான ஒரே வேகத்தில் செல்வது, நெடுநேரம் நிறுத்தியிருக்கும்போது எஞ்சினை அணைப்பது. வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகிறது; ஆகவே நிதானமே பெரிய மிச்சம்.

இவை யாவும் எண்ணெயையும் காக்கின்றன, உயிரையும் காக்கின்றன. ஒன்றைக் காக்க மற்றொன்றைப் பணயமாகக் கேட்கும் வழி எதுவாயினும், அதற்குச் சிக்கனம் என்ற நல்ல பெயரைச் சூட்டாதிருப்போமாக!