விளையாட்டுக்கு வயது குறிப்பவர் யார்?



ஒரு வீடியோ விளையாட்டு எந்த வயதுப் பிள்ளைக்கு ஏற்றது என்று தீர்த்துச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? செய்து விற்பவனுக்கா, அரசாங்கத்துக்கா, பெற்றோருக்கா? அற்பக் கேள்வி என்று தள்ளிவிடாதீர்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நாட்டுக்கு நாடு இதற்காக வழக்காடி வருகிறார்கள்.

அமெரிக்காவில் அது எழுந்த விதம் இது. 1992-இல் 'மார்ட்டல் காம்பட்' என்றொரு சண்டை விளையாட்டு வெளிவந்தது. தோற்றவனுடைய தலையை முதுகெலும்போடு பிடுங்கி எடுப்பதும் அதில் ஒரு வெற்றி! அடுத்த ஆண்டே அது வீட்டுக்குள் வந்துவிட்டது. 1993 டிசம்பரில் லீபர்மேன், கோல் என்னும் இரு செனட்டர்கள் விசாரணை நடத்தி, நீங்களே ஒழுங்கு செய்துகொள்ளாவிட்டால் சட்டம் வரும் என்று எச்சரித்தார்கள். வியாபாரிகள் விழித்துக்கொண்டு, 1994-இல் ஈ.எஸ்.ஆர்.பி. என்னும் வாரியத்தைத் தாங்களே அமைத்தார்கள். இன்றும் அங்கே வயதுக் குறி இடுவது அதுதான்.

விற்பவர் அமைத்த வாரியம் நேர்மையாய் நடக்குமா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் நடந்தது என்றே சொல்ல வேண்டும். ஆனால் 2005-இல் ஒரு காரியம் நடந்தது. 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் அன்ட்ரேயாஸ்' என்ற விளையாட்டுக்குப் பதினேழு வயதுக்கு மேற்பட்டோருக்கு என்று குறி இட்டிருந்தார்கள். செய்தவர்களோ ஆபாசமான ஒரு பகுதியைத் தட்டின் உள்ளேயே பூட்டி வைத்திருந்தார்கள். யாரோ வெளியாள் அந்தப் பூட்டைத் திறந்துவிட்டான். ஜூலையில் குறி மாறியது. வளர்ந்தவருக்கு மட்டும் என்றானது. பெரிய கடைகள் விற்பனையை நிறுத்தின. மதிப்பிட்டவர்கள் கையூட்டு வாங்கவில்லை. செய்தவர்கள் அனுப்பிய படக்காட்சிகளையும் எழுதித் தந்த விவரங்களையும் வைத்து மதிப்பிட்டார்கள். காட்டாததை அவர்கள் காணவில்லை, அவ்வளவே.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அனுமதி வேறு, சாட்சியம் வேறு. என் பிள்ளை இதை விளையாடலாம் என்பது அனுமதி. அதைக் கொடுப்பது தாய் தகப்பனுடைய கடமை, வேறொருவருக்கும் விட்டுக்கொடுக்கத் தக்கதன்று. இந்தப் பெட்டிக்குள் இன்னது இருக்கிறது, இந்த வயதுக்கு இது தகும் என்பது சாட்சியம். பெட்டியின்மேல் உள்ள எண் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. சாட்சிக்கு இலட்சணம் இரண்டு: பொருளை முழுதும் கண்டிருக்க வேண்டும், அதன் விற்பனையால் அவனுக்கு ஆதாயம் இருக்கலாகாது.

அப்படியானால் அரசாங்கமே பார்த்துக்கொள்ளட்டும் என்பார் சிலர். கலிபோர்னியா அந்த 2005-ஆம் ஆண்டிலேயே, கொடிய வன்முறை விளையாட்டுகளைச் சிறுவருக்கு விற்கக் கூடாதென்று சட்டம் இயற்றியது. 2011 ஜூன் 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அதைத் தள்ளிவிட்டது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்காலியா சொன்ன காரணங்களில் ஒன்று கூர்மையானது: பெற்றோர் விரும்புவதை அல்ல, பெற்றோர் எதை விரும்பவேண்டும் என்று அரசு நினைக்கிறதோ அதையே இச்சட்டம் நிலைநாட்டுகிறது என்றார். யோசிக்க வேண்டிய சொல்தான். ஆயினும் மாறுபட்ட இருவரில் ஒருவரான தாமஸ் சொன்னதே என் புத்திக்கு இசைகிறது. பெற்றோரைத் தாண்டிக்கொண்டு பிள்ளையிடம் நேரே பேசும் உரிமை எவருக்கும் இல்லை என்றார் அவர். அந்தச் சட்டம் தகப்பன் வாங்கிக் கொடுப்பதைத் தடுக்கவில்லையே! பிள்ளையிடம் நேரே போன வியாபாரியை, முதலில் தகப்பனிடம் போ என்று திருப்பி அனுப்பியது.

ஜெர்மானியர் இதைச் செய்தே காட்டியிருக்கிறார்கள். அங்கே யூ.எஸ்.கே. என்னும் அமைப்பில், விளையாட்டை ஆடிப் பார்த்தவர்கள் வந்து ஒரு குழுவின் முன் அதைக் காட்டுகிறார்கள். குழுவில் அரசின் பிரதிநிதியும் இருக்கிறார். 2003 முதல் அந்தக் குறி கடைக்காரனைச் சட்டப்படி கட்டுப்படுத்துகிறது. மீறிச் சிறுவனுக்கு விற்றால் தண்டம். ஆனால் சட்டம் வீட்டு வாசற்படியில் நின்றுவிடுகிறது. உள்ளே என்ன செய்வதென்பது பெற்றோர் பாடு.

நம் வீட்டுக் கைப்பேசிகளுக்கு வருவோம். அங்கே பெட்டியும் இல்லை, கடைக்காரனும் இல்லை. கூகுள் பிளேயில் விளையாட்டைச் செய்தவனே ஒரு கேள்வித்தாளுக்குப் பதில் எழுதுகிறான்: இரத்தம் உண்டா, சூது உண்டா, கெட்ட வார்த்தை உண்டா என்று. எழுதி முடித்ததும் வயதுக் குறி தானாகவே பிறந்துவிடுகிறது. பிற்பாடு சிலவற்றைச் சரிபார்க்கிறார்கள். தவறு கண்டால் திருத்துகிறார்கள். ஆனால் முதலில் சாட்சி சொல்பவன் விற்பவனே.

பிள்ளை விளையாடும்போது, கண் காணாத ஊரிலிருந்து எவனோ அவனோடு பேசுகிறானே, அந்தப் பேச்சுக்கு எந்த எண்ணும் கிடையாது. அமெரிக்க வாரியம் ஒளிக்காமல் அறிவித்துவிடுகிறது: இணையத்தில் ஆடுவோர் ஒருவரோடொருவர் பேசுவதை நாங்கள் மதிப்பிடவில்லை என்று.