மேற்சீலையும் கல்மாலையும்

விழிஞ்ஞத்துக் கடற்கரையில் மீன்கூடை சுமந்து விரையும் முக்குவப் பெண்டிரைக் காணுந்தோறும் நமக்கு ஓர் அரசாணை நினைவுக்கு வருவதுண்டு. திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் 1859 ஜூலை 26-இல் பிறப்பித்தது அது. நாடார் குலப் பெண்கள் மேனியை மறைக்கலாம், குப்பாயம் அணியலாம், முக்குவத்திகளைப் போல் முரட்டுத் துணியையும் சுற்றிக்கொள்ளலாம், ஆனால் மேற்குலப் பெண்டிர் அணியும் முறையில் மட்டும் அணியலாகாது என்பது அதன் சாரம்.

இந்த 'ஆனால்' என்னும் சொல்லைச் சற்று நின்று நோக்க வேண்டும்.

தோள்சீலைப் போராட்டத்தை மானங்காக்க எழுந்த போராட்டம் என்றே பலரும் எழுதிச் செல்கின்றனர். நாமும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தோம். உடலை மறைப்பதொன்றே வேட்கை எனின், கிறித்தவம் தழுவிய பெண்களுக்கேனும் அது முன்பே கைகூடியிருந்தது. அவர்கள் குப்பாயம் அணிய 1814-லேயே இசைவு உண்டு. தடுக்கப்பட்டது மேற்சீலை, 1829 பிப்ரவரி ஆணையும் அத்தடையையே வலியுறுத்திற்று. எனினும் அவர்கள் மேற்சீலையுடனேயே சந்தைக்குச் சென்றனர். கல்குளத்திலும் இரணியலிலும் அடியுண்டனர்; சீலை கிழிக்கப்பட்டும் மறுநாள் மீண்டும் அணிந்தனர். அரசு தர முன்வந்தது மறைப்பு. அவர்கள் கேட்டதோ சமநிலை. இரண்டும் ஒன்றல்ல.

மேற்குலப் பெண்டிர் மட்டும் உரிமையோடு வாழ்ந்தனரோ எனின், அதுவும் இல்லை. தம்மினும் உயர்ந்தார் எனப்பட்டோர் முன் அவர்களும் தோள்துணியை நீக்க வேண்டியிருந்தது. ஆடவர் வகுத்த படிநிலை பெண்ணின் தோளிலே எழுதப்பட்டது என்பதே உண்மை.

இங்கே ஒரு தடை எழுப்புவார் உளர். உயர்ந்தோர் உடையை விரும்புவதும் ஓர் அடிமை மனப்பான்மை அன்றோ என்பர். எளிதில் தள்ளத்தக்க வினா அன்று இது. இதற்கு விடை நூலில் இல்லை. விழிஞ்ஞத்தை அடுத்த வெங்ஙானூரில் 1863-இல் பிறந்த அய்யன்காளியின் காலத்தில் இருக்கிறது. புலையர் குலப் பெண்கள் கழுத்தில் கல்மாலை அணிந்தே தீர வேண்டும் என்றிருந்த வழக்கத்தை எதிர்த்து, 1915-இல் கொல்லத்துப் பெருங்கூட்டத்தில் அவர்கள் அம்மாலைகளை அறுத்துக் குவித்தனர். முன்னவர் ஒன்றை அணிந்தனர். பின்னவர் ஒன்றைக் களைந்தனர். பின்னவரிடம் யாரையும் பார்த்து ஒழுகும் விழைவு ஏது? தம் உடல்மேல் எது இருத்தல் வேண்டும் என்பதைத் தாமே முடிவு செய்தனர், அவ்வளவே. முன்னவர் செய்ததும் அதுவே என நாம் கொள்கிறோம்.

ஆணையிட்ட மன்னர், திவான், ஆளுநர் ஆகியோர் பெயர்களை வரலாறு காத்து வைத்திருக்கிறது. சந்தையில் சீலை கிழிக்கப்பட்ட பெண்களில் எத்தனை பேரின் பெயரை நாம் அறிவோம்? ஊரூட்டம்பலத்தில் 1910-இல் பள்ளியிற் சேரச் சென்ற பஞ்சமி என்னும் சிறுமியின் பெயர் மட்டும் எப்படியோ தப்பி நிற்கிறது. அவள் அமர்ந்ததற்காக அப்பள்ளி எரிக்கப்பட்டது. 2022-இல் அய்யன்காளியின் பெயரோடு அவள் பெயரும் அப்பள்ளிக்குச் சூட்டப்பட்டது. அன்று கருகிய பெஞ்சு ஒன்று இன்றும் அங்கே காக்கப்பட்டு வருகிறது.