தீர்ப்பும் சமாதானமும்

பீன்யா தொழிற்பேட்டையில் பகலுணவு வேளையில் சமயவாதம் எழுவது புதிதன்று. பஞ்சசீலம் ஏற்ற நம் இளைஞர் சிலர், கிறிஸ்தவத் தோழரிடம் விவிலியத்தின் இரண்டிரண்டு இடங்களை எடுத்துக்காட்டி, இவற்றுள் எது மெய் என வினவுகின்றனர். பிறரைத் தீர்ப்பிடலாகாது என்பது மத்தேயு 7-ஆம் அதிகாரம். நீதியாய்த் தீர்ப்பிட வேண்டும் என்பது யோவான் 7-ஆம் அதிகாரம். சமாதானம் தந்து செல்வதாக யோவான் 14-இல் கூறும் இயேசுவே, தாம் கொணர்ந்தது பட்டயம் என்று மத்தேயு 10-இல் கூறுகிறார். தோழர் விடையின்றித் தடுமாற, நம்மவர் முகத்தில் வெற்றிப் புன்னகை தோன்றுகிறது. அப்புன்னகையைப் பற்றியே எழுதப் புகுந்தோம்.

இவ்வகை வாதத்திற்குப் பேர்போனது, 1873 ஆகஸ்டில் இலங்கைப் பாணந்துறையில் நடந்த விவாதம். மனிதனைப் படைத்ததற்காகக் கடவுள் வருந்தினார் என ஆதியாகமம் கூறின், அவர் முக்காலமும் உணர்ந்தவராவது எங்ஙனம் எனக் குணானந்த தேரர் பாதிரியாரை வினவினார். அவ்விவாதத்தின் செய்தியைப் படித்து ஈர்க்கப்பட்ட ஆல்காட் 1880-இல் இலங்கை வந்தார். 1898-இல் அயோத்திதாசப் பண்டிதர் அவருடன் கொழும்பு சென்று பஞ்சசீலம் ஏற்றார். ஆகவே அத்தேரருக்கு நாம் கடன்பட்டவரே. ஆயின் அன்று ஆட்சியாளரின் சமயம் பௌத்தத்தை நெருக்கிற்று. தேரரின் வினா கேடயமாயிற்று. ஒரே பட்டறையில் ஒரே கூலிக்கு உழைக்கும் தோழனிடம் நமக்குக் கேடயம் எதற்கு?

நேரே பொருள் தருவன, பொருள் விரித்து உணரவேண்டியன எனச் சூத்திரங்கள் இருவகை. ஒன்றை மற்றொன்றாகக் கொள்பவன் ததாகதரைத் திரித்துரைப்பவன் என்கிறது அங்குத்தர நிகாயம். இவ்வளவுகோலைப் பிறர் நூலுக்கு மறுப்பது நேர்மையாகுமா? தன் கண்ணின் உத்திரத்தை விட்டுப் பிறன் கண்ணின் துரும்பைத் தேடுவோனுக்கே தீர்ப்பிடாதே எனச் சொல்லப்பட்டது. ஓய்வுநாளில் நோயாளியைக் குணப்படுத்தியது குற்றம் என்றோருக்கே நீதியாய்த் தீர்ப்பிடுமாறு சொல்லப்பட்டது. பட்டயம் என மத்தேயு சொல்லுமிடத்து லூக்கா பிரிவினை என்கிறார். தகப்பனும் மகனும், மாமியும் மருமகளும் பிரிவதே அது. புதிய தருமத்தை ஏற்றதனால் சொந்த வீட்டிலேயே அயலாராக்கப்பட்ட நம்மவருக்கு இதை விளக்கவும் வேண்டுமோ!

மற்றொன்றும் உண்டு. கூலி குறைக்கப்பட்டவனிடமும், சாதியால் இழிவுற்றவனிடமும், தீர்ப்பிடாதே, சமாதானமாயிரு என்று அறிவுரைப்போர் எல்லாச் சமயத்திலும் உளர். துரும்பின் கதை பெரும்பாலும் உத்திரம் உடையவனாலேயே சொல்லப்படுகிறது. செய்தவனைப் பகையாமல் செயலைத் தீது எனல் இயலும். நாமோ இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம்.

நம் நூலிலேயே அங்குலிமாலரைக் காண்க. அவரைப் பிடிக்கப் படையோடு வந்த பசேனதி மன்னன், துறவியெனக் கண்டு வணங்கிச் சீவரம் அளிக்க முன்வந்தான். அரகந்தரான பின்னும் சாவத்தி வீதியில் கல்பட்டு அவர் தலை உடைந்தது. பொறுத்துக்கொள், இது உன் வினைப்பயன் என்றார் பகவான். மன்னித்ததும் கல் விழுந்ததும் ஒரே சூத்திரத்தில் உள்ளன. இதை முரண் எனத் தோழர் சுட்டினால் நாம் என்ன சொல்வோம்?

எல்லாம் ஒன்றே எனச் சொல்லி முடிக்கவும் நமக்கு மனமில்லை. மத்தேயு 25-இல் முடிவில்லாத தண்டனை கூறப்படுகிறது. வினைக்குப் பயன் உண்டு, அதற்கு அளவும் உண்டு, தீர்ப்பளிக்க ஒரு நீதிபதி இல்லை என்பது நம் கொள்கை. இங்கே முரண் அவர்கள் நூலுக்கும் நமக்கும் இடையில் நிற்கிறது. அதனைப் பகலுணவு வேளையில் தாராளமாக வாதிடலாம்.