பாதை யாருக்கு?

பொருநை கடலோடு கலந்த இடத்தில் முத்துத் துறையாம் கொற்கை. களக்காட்டுக்குத் தெற்கே, மலைநாட்டின் வாயிலாம் ஆரல்வாய்மொழிக் கணவாய். வாணிகம் வளர்த்த வழிகள் எங்களுடையவை என்று மார்தட்டுகிறோம்.

தவறில்லை. ஆனால், அம்முத்தைக் குளித்தெடுத்தவர் யார்? தண்டனை பெற்ற கைதிகள் என்கிறது முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலாகிய பெரிப்ளூஸ். முத்துக்குக் கடல் கடக்க வழியிருந்தது. மூழ்கி எடுத்தவனுக்கு வீடு திரும்ப வழியில்லை!

நூற்றாண்டுகள் பல உருண்டும் நிலை மாறியதா? கணவாய்க்கு அப்பால், திருவிதாங்கூர் வைக்கத்தில், நாய் நடந்த கோயில் வீதியில் ஈழவரும் தாழ்த்தப்பட்டோரும் நடக்கத் தடை. 1924-இல் அதை எதிர்த்த பெரியாருக்குச் சிறை!

சரக்குக்கு வழிவிட்டு மனிதனை மறிப்பது பாதையா? இளைஞனே, எந்தப் பேரரசுகளை இணைத்தது என்று மட்டும் கேளாதே; எந்த மனிதனைத் தடுத்தது என்றும் கேள். எவரும் நடக்கும் நாளில்தான் அது பாதை, அதுவரை வேலியே!